மூன்று வருடத்துக்கு ஒரு கார்: மைலேஜ் கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 46. தனியார் நிறுவனத்தில் நல்ல பொறுப்பில் இருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் முதல் சொகுசு செடானை வாங்கினேன். 10 சதவீதம் முன்பணம், மீதி ஏழு வருடக் கடன். மூன்றாவது வருடம் அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்தேன். பழைய கடனில் நின்ற பாக்கியைப் புதுக் கடனோடு சேர்த்துவிட்டார்கள். அந்த முறை முன்பணம் கட்டவில்லை. அதற்கும் இப்போது மூன்று வருடம் ஆகிவிட்டது. கார் லிட்டருக்கு 11 கி.மீ.தான் தருகிறது, ஆண்டுக்குச் சுமார் 15,000 கி.மீ. ஓட்டுகிறேன். பெட்ரோல் செலவைக் குறைக்க, எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்டுக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். லெக்சஸ் இஎஸ் 300எச் சிக்கனமாகத் தெரிகிறது. பிஎம்டபிள்யூ 530இ வேகத்திலும் குறைவில்லை, மைலேஜும் பிரமாதம் என்கிறார்கள். என் குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்தில் சார்ஜ் வசதி கிடையாது. ஷோரூமில் பலூன் கடன் தருவதாகச் சொல்கிறார்கள். மாதத் தவணை குறையுமாம். என் மைத்துனர் இப்போதைய காரைத் தானே எடுத்துக்கொண்டு, கடன் என் பெயரில் இருக்க, தவணையை மட்டும் கட்டுவதாகச் சொல்கிறார். முன்பணத்துக்கு போனஸ் இருக்கிறது, கார் விலையில் பத்தில் ஒரு பங்கு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில மாதங்களாகத் தவணையில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பிலிருந்து எடுத்துப் போட்டுத்தான் கட்டுகிறேன். வீட்டில் இது தெரியாது. மகள் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போகிறாள். எந்தக் காரை எடுக்கலாம்?

பதில்: ஹைபிரிட் எப்படி ஓடுகிறது, பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் எப்படித் திரும்பி வருகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கடைசிக்கு முந்தைய வரிகள். சேமிப்பை உடைத்துத் தவணை கட்டும் நிலையில் இருப்பவர், எந்தக் கார் என்று கேட்கிறீர்கள். எந்தக் காராக இருந்தாலும் இப்போது வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

உங்கள் கவலை பெட்ரோலில் தொடங்குவதால் அங்கிருந்தே வருவோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவீட்டில், 2019 மாடல் இஎஸ் 300எச் ஒரு கேலனுக்கு 44 மைல். அதே உடலில் 3.5 லிட்டர் வி6 எஞ்சின் பொருத்திய இஎஸ் 350க்கு 26 மைல். நம் வழக்கில் சொன்னால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 18.7 கி.மீ., 11 கி.மீ. உங்கள் இப்போதைய காரும் 11 தருவதால் இந்த ஒப்பீடு உங்களுக்கு அப்படியே பொருந்தும். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடினால் ஒன்று 1,350 லிட்டர் குடிக்கும், மற்றது 800. மிச்சம் 550 லிட்டர். மூன்று வருடத்தில் 1,650 லிட்டர். ஹைபிரிட் உண்மையிலேயே மிச்சப்படுத்துகிறது, அதில் எனக்கு மறுப்பே இல்லை.

இனி கடன் பக்கம். காரின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 9 சதவீதம், கடன் ஏழு வருடம் என்று போடுகிறேன். உங்கள் வட்டி கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், படம் மாறாது. முதல் காருக்கு 90 பங்கு கடன். மாதத் தவணை 1.45 பங்கு. மூன்று வருடம் கட்டிய பிறகும் 58 பங்கு பாக்கி நிற்கும், ஏனென்றால் ஆரம்பத் தவணைகளில் கிட்டத்தட்ட பாதி வட்டிக்கே போய்விடும். சொகுசு செடான் மூன்று வருடத்தில் விலையில் பாதியை இழப்பது சகஜம். 50க்குக் காரைக் கொடுத்தீர்கள், 8 பங்கு துண்டு விழுந்தது. அந்த 8, புதுக் காரின் 100 பங்கோடு சேர்ந்து 108 ஆனது. தவணை 1.74 பங்கு. இன்றைக்குப் பாக்கி 70. காரின் மதிப்பு 50. இப்போது மாற்றினால் துண்டு 20.

அப்படியென்றால் போனஸை முன்பணமாகக் கட்டினாலும், மூன்றாவது காருக்கு நீங்கள் வாங்கப்போகும் கடன் 110 பங்கு. தவணை 1.77. கார் அதே விலைதான் என்று வைத்துக்கொண்டாலும், முதல் காருக்குக் கட்டியதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் கட்டப்போகிறீர்கள். விற்றுவிட்ட இரண்டு கார்களுக்கும் சேர்த்து இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். சேமிப்பில் கை வைக்க நேர்ந்தது பெட்ரோலால் அல்ல. மூன்று வருடத்துக்கு ஒரு முறை, கடன் முடியாமலே காரை மாற்றும் இந்தப் பழக்கத்தால்தான்.

இரண்டையும் ஒரே அளவுகோலில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உங்கள் காரின் விலைக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் வாங்கலாம் என்று வகுத்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் விடை மாறும். நான் 40,000 லிட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த மூன்று வருடத்தில் கார் இழந்த மதிப்பு 50 பங்கு, நீங்கள் கட்டிய வட்டி 24 பங்கு. மொத்தம் 74 பங்கு, லிட்டரில் சொன்னால் 29,600. மாதத்துக்கு 820 லிட்டருக்கு மேல். ஹைபிரிட் மூன்று வருடம் பாடுபட்டு மிச்சப்படுத்தும் 1,650 லிட்டரை, காரின் மதிப்புச் சரிவும் வட்டியும் இரண்டே மாதத்தில் தின்றுவிடுகின்றன. சென்ற முறை மாற்றியதற்கும் ஏதோ ஒரு நியாயமான காரணம் உங்களிடம் இருந்திருக்கும். அதற்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஒரே காரை ஒன்பது வருடம் வைத்திருந்தால்? விலையில் 85 பங்கு போய்விட்டது, வட்டி 32 பங்கு என்று தாராளமாகவே போடுகிறேன். வருடத்துக்கு 13 பங்கு. இப்போது உங்களுக்கு ஆவது வருடத்துக்கு 25 பங்கு. வித்தியாசம் 12 பங்கு, அதாவது 4,800 லிட்டர். பழைய காருக்குப் பழுதுச் செலவு வருமே என்பீர்கள். வரும். வருடத்துக்கு 1,500 லிட்டர் விலையை அதற்கென்றே கழித்துவிடுங்கள். அப்போதும் 3,300 லிட்டர் மிச்சம். ஹைபிரிட் தருவதைப் போல ஆறு மடங்கு.

சரி, கார்களைப் பற்றியும் கேட்டீர்கள். பின்னால் ஒரு நாள் வாங்கும்போது உதவும் என்பதால் சொல்கிறேன். சிக்கனமும் வேகமும் ஒரே காரில் முழுதாகக் கிடைக்கும் என்று விளம்பரம் சொல்லும். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. அந்த 2019 இஎஸ் 300எச் 215 குதிரைத்திறன், இஎஸ் 350 அதே ஆண்டில் 302. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 96 கி.மீ. வேகத்தை எட்ட ஹைபிரிட்டுக்கு 8.1 வினாடி, மற்றதற்கு 6.6. ஒன்றரை வினாடியை விட்டுக்கொடுத்துத்தான் அந்த மைலேஜை வாங்குகிறீர்கள். நகர நெரிசலில் ஓட்டுபவருக்கு அது பெரிய இழப்பே அல்ல, அங்கேதான் ஹைபிரிட் தன் முழு வேலையையும் காட்டும். ஒரே சீராக நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இந்த மிச்சம் சுருங்கும். ஹைபிரிட்டை வேகத்துக்காகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு லெக்சஸே ஓர் உதாரணம். 2007இல் வந்த எல்எஸ் 600எச், 5 லிட்டர் வி8 எஞ்சினோடு மின் மோட்டாரையும் சேர்த்துக்கொண்டது. நகரத்தில் கொஞ்சம் மிச்சப்படுத்தியது. நெடுஞ்சாலை மைலேஜில் ஹைபிரிட் அல்லாத எல்எஸ் 460ஐ அதனால் முந்த முடியவில்லை. ஆகவே காரின் பின்னால் ஹைபிரிட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த மோட்டார் எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்க வைத்ததா, வலு கூட்ட வைத்ததா என்று பாருங்கள்.

530இ பற்றி உங்களுக்கு யார் ஆசை காட்டினார்களோ, அவர்கள் சார்ஜ் விஷயத்தைக் கேட்டார்களா? அது பிளக்-இன் வகை, அதாவது வெளியிலிருந்து சார்ஜ் போட வேண்டிய ஹைபிரிட். 2017இல் வந்தபோது 252 குதிரைத்திறன், 9.2 கிலோவாட் மணி பேட்டரி, 100 கி.மீ. வேகத்துக்கு 6.2 வினாடி. நல்ல கார். ஆனால் காகிதத்தில் இருக்கும் அந்தப் பிரமாதமான மைலேஜ், தினமும் சார்ஜ் போட்டு முதல் பல கிலோமீட்டரை மின்சாரத்திலேயே ஓட்டுகிறவருக்கானது. ஐரோப்பிய ஆணையம் சாலையில் ஓடும் கார்களின் கணினியிலிருந்தே தரவு எடுத்து 2024இல் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் கார்கள் ஆய்வக அளவைப்போலச் சராசரியாக மூன்றரை மடங்கு கரியமில வாயுவை வெளியேற்றின, அதாவது அந்த அளவுக்குக் கூடுதல் எரிபொருளை எரித்தன. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு இந்த இடைவெளி 20 சதவீதம் அளவில்தான். எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் போடவில்லை என்பது முக்கியக் காரணம். உங்கள் நிறுத்துமிடத்தில் சார்ஜ் வசதியே இல்லை. பெரிய பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும் காருக்கு எதற்குக் கூடுதல் விலை? உங்களைப் பொறுத்தவரை பிளக்-இன் பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தப் பலூன் கடன். இப்போது எல்லா ஷோரூம் மேஜையிலும் இதை முதலில் நீட்டுகிறார்கள். தவணை குறைவது உண்மைதான். ஏன் குறைகிறது? கடனில் ஒரு பெரிய துண்டை, 45 பங்கு என்று வையுங்கள், தொடாமல் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளிவைத்த அசலுக்கு வட்டி நிற்காது. 9 சதவீதத்தில் வருடத்துக்கு 4 பங்கு, மூன்று வருடத்துக்கு 12 பங்கு, அதாவது 4,800 லிட்டர் விலை, அசலில் ஒரு பைசா குறையாமல் போகும். கடைசியில் 45 பங்கை மொத்தமாகப் புரட்ட முடியாமல் நீங்கள் மறுபடி அதே ஷோரூமில் போய் நிற்பீர்கள், நான்காவது காருக்கு. உங்களிடம் ஏற்கனவே இருக்கும் பழக்கத்துக்கு இதைவிடக் கெட்ட கடனை என்னால் யோசிக்க முடியவில்லை. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

மைத்துனர் விஷயத்தில் மனம் நோகாமல், ஆனால் உறுதியாகப் பேச வேண்டும். கடன் உங்கள் பெயரில் இருக்கும்வரை, அவர் ஒரு மாதம் தவறினால் வங்கி உங்களைத்தான் கேட்கும், உங்கள் கடன் மதிப்பெண்தான் சரியும். வண்டி உங்கள் பெயரில் இருந்து அவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் அதன் வழக்கும் உங்கள் வாசலுக்கு வரும். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 50 பங்கு மதிப்புள்ள காருக்கு 70 பங்கு பாக்கியை மனமுவந்து யாரும் கடைசிவரை கட்டமாட்டார்கள், அவ்வளவுதான். என்றாவது ஒரு நாள் வெளியில் இதே வகைக் கார் எவ்வளவுக்குக் கிடைக்கிறது என்று அவரும் பார்ப்பார். அவருக்குக் கார் வேண்டுமானால் தன் பெயரில் கடன் எடுக்கட்டும், உங்கள் கடன் முழுதாக முடிந்த சான்று வந்த பிறகு வண்டி கைமாறட்டும். இந்த நிபந்தனைக்கு அவர் தயங்கினால், அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. முன்பணத்துக்கு வைத்திருக்கும் அந்த 10 பங்கு போனஸை இப்போதைய கடனில் பகுதி முன்செலுத்தலாகக் கட்டுங்கள். அதற்கு அபராதம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஒரு விஷயத்தில் கவனம்: கேட்காவிட்டால் பல இடங்களில் தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்துவிடுவார்கள். பொதுவாக அதுதான் வட்டிக்கு லாபம், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் உங்களுக்கு மாதா மாதம் மூச்சு முட்டுகிறது. எனவே காலத்தை மாற்றாமல் தவணைத் தொகையைக் குறைத்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 70 பாக்கி 60 ஆகும், தவணை 1.74இலிருந்து 1.49க்கு இறங்கும். ஏழில் ஒரு பங்கு குறைவு. நீங்கள் சேமிப்பிலிருந்து எடுத்துப் போடுவது பத்தில் ஒரு பங்குதான். அந்த ஓட்டை அடைபட்டு, கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். மிஞ்சுவது மகள் படிப்புக்கு, சாதாரண வங்கி வைப்பில். இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், யார் எந்தத் திட்டத்தை எடுத்து நீட்டினாலும்.

நான்கு வருடத்தில் கடன் முடியும். முடிந்த மாதத்திலிருந்து அதே 1.49 பங்கை உங்கள் கணக்கிலேயே போட்டு வாருங்கள். இரண்டு வருடத்தில் 36 பங்கு சேரும். பழைய காரை விற்றால் வருவதும் சேர்ந்து பாதி விலை கையில் இருக்கும்போது, ஹைபிரிட் வாங்குங்கள். இஎஸ் 300எச் போல எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்கும் வகையில், இரண்டு மூன்று வருடம் ஓடியது கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் சரிவை வேறொருவர் ஏற்றிருப்பார். பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 வருடமோ 1,60,000 கி.மீ.யோ உத்தரவாதம் தருகின்றன. அது அடுத்த உரிமையாளருக்கும் தொடருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மைலேஜை அந்தக் காரிலிருந்து உண்மையாகவே அனுபவிக்க வேண்டுமென்றால் அதை எட்டு ஒன்பது வருடம் வைத்திருக்க வேண்டும்.

வங்கிக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். இன்றைய தேதிக்கு நிற்கும் பாக்கி எவ்வளவு என்ற கணக்கறிக்கையை வாங்கி, இந்த எண்களோடு உங்கள் மனைவியிடம் உட்கார்ந்து பேசுங்கள். சேமிப்பு குறைவது அவருக்கு வங்கிக் குறுஞ்செய்தி வழியாகத் தெரியவேண்டாம். மைத்துனரிடம் இல்லை என்று சொல்வதற்கும் நீங்கள் இருவரும் ஒரே முடிவில் இருக்க வேண்டும். அவர் அடுத்து பேசப்போவது உங்கள் மனைவியிடம்தான்.