அது பிரின்ட் கோளாறு இல்லீங்க

போஸ்டர்ல சண்டை போடுற ஆளுங்கள்ல சிலர் மட்டும் சாம்பல் கலர்ல இருக்காங்க, மை சரியா விழல போல, திருப்பி அனுப்பவான்னு கேட்டிருந்தீங்க. அனுப்பிடாதீங்க! அது 17-ஆம் நூற்றாண்டு இத்தாலி நேப்பிள்ஸ் ஊர் ஓவியர் லூக்கா ஜியோர்தானோ வரைஞ்சது, ஒரிஜினல் லண்டன் நேஷனல் கேலரில இருக்கு, 3.5 மீட்டருக்கு மேல அகலம். கதை என்னன்னா, கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸுக்கும் ஆண்ட்ரோமெடாவுக்கும் நடக்கிற கல்யாண விருந்துல, அவ எனக்குப் பேசி வெச்ச பொண்ணுன்னு பினியஸ் (அவ அப்பாகூடப் பொறந்தவனாம், கொடுமை) ஒரு படையோட சண்டைக்கு வந்துடுறான், கூட்டத்தைச் சமாளிக்க முடியாம பெர்சியஸ் மெடூசாங்கிற அரக்கியோட வெட்டின தலையைத் தூக்கிக் காட்ட, பார்த்தவன்லாம் கல்லாயிடுறான். அந்த சாம்பல்தான் கல்லு. பெர்சியஸ் முகத்தைத் திருப்பிட்டு நிக்கிறான் பாருங்க, அவனும் தப்பித்தவறி பார்த்தா காலி. ஃப்ரேம் போட்டு மாட்டுங்க, கண்ணாடி மட்டும் பளபளன்னு இல்லாம மேட்டா எடுங்க, படம் ஏற்கனவே இருட்டு.