ஊசியும் மையும்: பச்சை குத்துவது பற்றிய கேள்வி பதில்

இருபது வருடமாகப் பச்சை குத்தி வருகிறேன். அதன் வரலாற்றையும் கூடவே படித்து வருகிறேன். இரண்டில் எதைப் பற்றியும் கேளுங்கள்.

கேள்வி: தோல் தினமும் உதிர்கிறது. மை மட்டும் எப்படி ஆயுசுக்கும் நிற்கிறது?

உதிர்வது மேல்தோல். சுமார் ஒரு மாதத்தில் அது முழுக்கப் புதிதாகிவிடும். ஊசி அதைத் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை விடுகிறது. உடம்புக்கு மை அந்நியப் பொருள். மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கணுக்கள் ஓடிவந்து மைத்துகளை விழுங்கும். விழுங்கத்தான் முடியும், செரிக்க முடியாது. அப்படியே வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். வெளியே நாம் பார்க்கிற கோட்டில் பெரும்பகுதி இந்த அணுக்களின் கூட்டம்தான்.

அந்த அணுக்களே நம் ஆயுசு முழுக்க உயிரோடு இருக்கின்றன என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். 2018-ல் பிரான்சின் மார்சேய் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளை வைத்து வேறொன்றைக் காட்டினார்கள். பழைய அணு செத்து மையைக் கக்குகிறது. புதிதாக வருகிற அணு அதே இடத்தில் அதையே விழுங்கிக்கொள்கிறது. ஒரு கோடு அசையாமல் நிற்பதற்குப் பின்னால் இப்படி ஒரு கைமாற்றல் ஓயாமல் நடக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து நான் கோடு இழுக்கிற விதமே மாறிவிட்டது, இன்னும் நிதானமாக இழுக்கிறேன். மையில் கொஞ்சம் நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்ச் சேரும். வருடம் ஆக ஆகக் கோடு மங்கிப் பரவுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மை கறுப்பு. பேர் மட்டும் ஏன் ‘பச்சை’?

கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை வைத்து வந்த பேர். கரி மை கறுப்புதான். ஆனால் தோலுக்கு அடியில் போனதும் நீலமும் பச்சையும் கலந்த மாதிரி தெரியும். சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாக இறங்கிவிடுகிறது, நீல ஒளி அவ்வளவு இறங்காமல் சிதறித் திரும்புகிறது. சிவப்பு ரத்தம் ஓடுகிற நரம்பு பச்சையாகத் தெரிவதும் கிட்டத்தட்ட இதனால்தான்.

கேள்வி: வலிக்குமா?

வலிக்கும். விலா, பாதம், முழங்காலின் பின்பக்கம் அதிகம். மேற்கையின் வெளிப்பக்கம் குறைவு.

கேள்வி: உலகிலேயே பழைய டாட்டூ எகிப்தில் கிடைத்ததா, ஐரோப்பாவிலா?

இன்று கைவசம் இருப்பதில் மிகப் பழையது ஓட்ஸியுடையது. 1991-ல் ஆல்ப்ஸ் மலையில், இத்தாலி ஆஸ்திரிய எல்லையருகே, பனிக்குள் கிடைத்த உடல். வயது சுமார் 5,300 வருடம். 2015-ல் முழுமையாக எண்ணியபோது 61 குறிகள் இருந்தன. பெரும்பாலும் இணைகோடுகள், சில சிலுவைக் குறிகள், எல்லாமே கரி. எகிப்தின் கெபலைன் பகுதியில் கிடைத்த ஆணின் உடலும் ஏறக்குறைய அதே காலம்தான். அவர் மேற்கையில் காளையும் காட்டு ஆடும் இருக்கின்றன. உருவம் வரைந்த டாட்டூக்களில் இதுவே பழையது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பார்வைக்கு இருந்தும் அதை வெறும் கறை என்றே நினைத்திருந்தார்கள். அகச்சிவப்புப் படம் எடுத்த பிறகுதான் காளை தெரிந்தது.

கேள்வி: ஓட்ஸி குத்தியிருப்பது டாட்டூவே அல்ல, அக்குபங்சர் வைத்தியம். நிரூபித்துவிட்டார்களே?

நிரூபிக்கவில்லை, முன்வைத்தார்கள். அக்குபங்சரை விவரிக்கிற சீன எழுத்துகள் ஓட்ஸிக்கு மூவாயிரம் வருடம் பிந்தியவை. அக்குபங்சரில் ஊசி குத்துகிற புள்ளிகளின் இன்றைய வரைபடத்தை எடுத்து அவர் உடம்பின் மேல் விரித்துப் பொருத்தம் பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி (அவரே): கீழ்முதுகு, முழங்கால், கணுக்கால் எல்லாம் மூட்டு தேய்ந்த இடங்கள். தற்செயலா?

இது நல்ல வாதம், அக்குபங்சரை விடப் பலமானது. எக்ஸ்ரேயில் அந்த மூட்டுகளில் தேய்மானம் தெரிவது உண்மை. வலித்த இடத்தில் குத்தியிருக்கலாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2015-ல் புதிதாகத் தெரிந்த குறிகள் மார்பில் இருந்தன. அங்கே மூட்டுத் தேய்மானம் என்ன செய்யும்?

கேள்வி (வேறொருவர்): அப்படியானால் அலங்காரம்தான் என்று சொல்லிவிடுங்கள்.

அதையும் சொல்ல மாட்டேன். கீழ்முதுகுக் கோடுகளை அவரே பார்த்திருக்க முடியாது, உடைக்கு அடியில் மறைந்திருக்கும். கெபலைன்காரரின் காளை பிறர் பார்க்கும்படி கையில் இருக்கிறது. ஒரே காலத்தில் இரண்டு மனிதர்கள், இரண்டு நோக்கம். அந்தக் காலத்தில் வைத்தியம், சடங்கு, அழகு என்று மூன்று தனிப் பெட்டிகள் இருந்தன என்று நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி: மெஷின் வாங்கி வீட்டிலேயே நண்பனுக்குக் குத்தப் போகிறேன். மையைத் தண்ணீர் விட்டு நீர்க்கலாமா?

கூடாது. குழாய்த் தண்ணீர் கூடாது, கொதிக்க வைத்ததும் கூடாது, காய்ச்சி வடித்ததும் கூடாது. கிருமி நீக்கம் செய்தது வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் 2011-ல் ஆரம்பித்துப் பலருக்குச் சாம்பல் நிற மையால் தோல் தொற்று வந்தது. நீர்க்க வைத்த மையிலேயே கிருமி இருந்தது. குத்திய இடம் புண் என்பதை மறக்காதீர்கள். இன்னொன்று, ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடிருக்கும். நீராவியால் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் இல்லையா, பிரிக்காத புது ஊசியும் இல்லையா? நண்பனைத் தொடாதீர்கள்.

கேள்வி: பயமாக இருக்கிறது. முதலில் கறுப்பு மருதாணி போட்டுப் பார்க்கலாமா?

அதுதான் எனக்கு ஊசியை விடப் பெரிய பயம். மருதாணி ஆரஞ்சாகவோ பழுப்பாகவோதான் பிடிக்கும், கன்னங்கறுப்பாகப் பிடிக்காது. அப்படிப் பிடித்தால் பெரும்பாலும் அதில் முடிச்சாயத்தில் சேர்க்கிற பிபிடி கலந்திருக்கிறது. கொப்புளம், தழும்பு வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க முடிச்சாயமே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குழந்தைகளுக்குப் போடவே போடாதீர்கள்.

கேள்வி: கணுக்காலில் வலிக்குமா?

எலும்புக்கு மேல் எங்கே குத்தினாலும் வலிக்கும். வலி பற்றி இனி பதில் இல்லை.

கேள்வி: டாட்டூ மெஷினைக் கண்டுபிடித்தது எடிசனா?

பாதி. 1876-ல் அவர் காப்புரிமை வாங்கியது நகலெடுக்கிற மின்பேனாவுக்கு, அது காகிதத்தில் ஓட்டை போடும். அந்த வழியில் நியூயார்க்கின் சாமுவேல் ஓ’ரெய்லி 1891-ல் பச்சை குத்தும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார்.

கேள்வி: லேசரில் சுத்தமாகப் போய்விடுமா?

கறுப்பு நன்றாகப் போகும், ஆனால் பல வாரம் இடைவெளி விட்டுப் பல தடவை செய்ய வேண்டும். வெள்ளை, தோல்நிற மைகள் லேசர் பட்டதும் கறுத்துவிடலாம். முதலில் சின்ன இடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். மற்றதைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மாவோரி முக டிசைனை அப்படியே என் தோளில் குத்துவீர்களா?

மாட்டேன். மோக்கோ என்கிற அந்த முகப் பச்சை, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கு ஒருவருடைய வம்சாவளி. இன்னொருவருடைய பரம்பரையை உங்கள் தோளில் எழுத எனக்கு உரிமை இல்லை. வம்சாவளி சாராமல் அந்தப் பாணியில் வரைவதற்குக் கிரிடுஹி என்று பேர். அதை மாவோரிக் கலைஞர் ஒருவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (மூட்டுக்காரர் மறுபடியும்): ஓட்ஸி தனக்குத்தானே குத்திக்கொண்டிருப்பாரா?

காலில் செய்திருக்கலாம். தோலைக் கீறிக் கரியைத் தேய்த்தார்கள் என்றுதான் முன்பு எழுதினார்கள். அண்மையில் ஒரு கலைஞர் தன் காலிலேயே பழங்காலக் கருவிகளால் குத்திப் பார்த்தார், ஆறிய தழும்புகளை ஆய்வாளர்கள் ஓட்ஸியுடையவற்றோடு ஒப்பிட்டார்கள். கீறலைவிடக் கூரிய முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தியதுதான் பொருந்தியது. அந்த முறையில் தோல் தளர்ந்திருந்தால் கோடு நேராக வராது, ஒரு கை இழுத்துப் பிடித்தே ஆக வேண்டும். கீழ்முதுகில் தன் கையாலேயே அப்படி இணைகோடு போட முடியாது. அவருக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து, ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குத்தியிருக்கிறார்கள்.