லீவர் ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா? கௌபாய் போட்டிக் கேள்வி பதில்

கேள்வி: சார், அரிசோனாவில் இருக்கிறேன். இங்குள்ள கிளப்பில் கௌபாய் துப்பாக்கிப் போட்டியில் சேரலாமென்று எண்ணம். முதல் ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா எடுக்கலாம்?

பதில்: கீழே இருக்கும் லீவரை ஆட்டி அடுத்த தோட்டாவை ஏற்றும் லீவர் ரைஃபிள்தான் இதற்கு. .357 மேக்னம் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) உள்ள ரைஃபிளை வாங்குங்கள், அதில் .38 ஸ்பெஷல் சுடுங்கள். தோட்டா மலிவு, உதைப்பு குறைவு, இடுப்பில் தொங்கும் இரண்டு ரிவால்வர்களுக்கும் அதே தோட்டா போதும்.

பவரைத் தேடாதீர்கள். இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிப்படி ரைஃபிள் குண்டு வினாடிக்கு 1400 அடியைத் தாண்டக் கூடாது, ரிவால்வர் குண்டு 1000 அடியைத் தாண்டக் கூடாது. செம்பு உறை போட்ட குண்டுக்கு அனுமதியில்லை, ஈயம் மட்டும்தான். கீழ் வரம்பும் உண்டு: வேகம் 400 அடிக்குக் குறையக் கூடாது, குண்டின் எடையை (கிரெய்ன் என்ற சின்ன அலகில்) வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 60-ஆவது வர வேண்டும். 125 கிரெய்ன் குண்டு 480 அடி வேகத்தில் போனால் சரியாக 60. அந்த விளிம்பில் நிற்காமல் 700, 800 அடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்கும் பெரிய இரும்புத் தகட்டில் ‘டங்’ என்று சத்தம் கேட்டால் போதும், அதில் ஓட்டை போட யாரும் மார்க் தருவதில்லை.

கேள்வி: 1873, 1892 இரண்டும் வின்செஸ்டர் டிசைன்தானே? போட்டியில் முக்கால்வாசிப் பேர் 73-ஐயே பிடித்துத் தொங்குவது ஏன்?

பதில்: தோட்டாவைத் தூக்கும் விதம்தான் காரணம். 73-இல் கேரியர் ஒரு பித்தளைக் கட்டை. அது தோட்டாவை லிஃப்ட் மாதிரி நேராக மேலே கொண்டுவந்து சேம்பருக்கு எதிரே நிறுத்துகிறது. சாய்வு, திருப்பம் ஒன்றும் கிடையாது. லீவர் அசையும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஸ்ட்ரோக் பாகங்களும் இதற்குத் தாராளமாகக் கிடைக்கின்றன.

பூட்டும் வலுவில் 73 பின்தங்கியது. முட்டி மடங்குவது போன்ற இணைப்புகள்தான் போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) தாங்குகின்றன. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 92-இல் இரண்டு தடித்த பூட்டுக் கட்டைகள் செங்குத்தாக ஏறிப் பூட்டும். வேட்டைக்கு முழு பவர் தோட்டாவும் சுடுவேன் என்றால் 92 வாங்குங்கள். போட்டி மட்டும் என்றால் இத்தாலியின் உபெர்ட்டி செய்யும் 73 நகல் போதும். பித்தளைச் சட்டம் கொண்ட 1866 மாடல் நகலில் .38 ஸ்பெஷலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

73-ஐ டியூன் செய்யும்போது லீவர் சேஃப்டியைக் கழற்றிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். லீவர் முழுதாக மூடாதவரை டிரிக்கரைத் தடுப்பது அதுதான். அது இல்லாமல் வேகமாகச் சுட்டால் போல்ட் பூட்டுமுன் தோட்டா வெடித்துவிடலாம். அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: என் 73-இல் கடைத் தோட்டா ஒழுங்காக ஓடுகிறது. நண்பர் கொடுத்த தட்டை முனை வாட்கட்டர் போட்டால் லீவர் பாதியில் நின்றுவிடுகிறது. துப்பாக்கியில் கோளாறா?

பதில்: துப்பாக்கியில் ஒன்றுமில்லை, தோட்டாவின் நீளம்தான் கோளாறு. 73-இல் தோட்டாக்கள் வரிசையாகக் காத்திருக்கும் மேகசின் குழாயிலிருந்து வரும் தோட்டா கேரியரை முழுக்க நிரப்பினால்தான் அடுத்தது குழாய்க்குள்ளேயே நிற்கும். தோட்டா குட்டையாக இருந்தால் அடுத்ததன் பின்பக்க விளிம்பு கேரியருக்குள் தலையை நீட்டிவிடும். கொஞ்சம் நீட்டினால் கேரியரின் சரிவான ஓரம் அதைப் பின்னால் தள்ளிவிடும், அதிகம் நீட்டினால் கேரியர் மேலே ஏறாது. தோட்டா மிக நீளமாக இருந்தாலும் அதே கதை: அதன் மூக்கு குழாய் வாயில் மாட்டிக்கொள்ளும்.

.357 கேரியருக்கு மொத்த நீளம் 1.45 முதல் 1.55 அங்குலம் வரை இருந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. 1.60-ஐத் தாண்டினால் நிற்கும். வாட்கட்டரில் குண்டு பித்தளைக் கூட்டுக்குள் முழுக்க அமிழ்ந்திருக்கும், மொத்தமே 1.16 அங்குலம் அளவுதான். அதை ரிவால்வருக்கு ஒதுக்குங்கள்.

வீட்டில் தோட்டா கட்டுகிறவர் என்றால் வெடிமருந்தும் பிரைமரும் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைப்பது) இல்லாமல் பத்து டம்மி செய்து, காலிப்பரில் அளந்து, முழுப் பத்தையும் லீவரில் ஓட்டிப் பாருங்கள். கூட்டின் வாய் மடிப்பையும் கவனியுங்கள். குண்டின் பள்ளத்தில் நன்றாக மடிக்காவிட்டால் குழாய் ஸ்பிரிங்கின் அழுத்தமும் உதைப்பும் சேர்ந்து குண்டை உள்ளே தள்ளும். காலையில் சரியாக இருந்த நீளம் எட்டாவது தோட்டாவில் குறைந்துவிடும்.

போட்டி நடுவில் நின்றால் லீவரை முட்டி அடிக்க வேண்டாம். துப்பாக்கி முனை மண்மேட்டைப் பார்த்தபடி, விரல் டிரிக்கருக்கு வெளியே. ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். சேம்பர் காலியா என்று பார்த்து, மேகசின் முனை மூடியைக் கழற்றி ஸ்பிரிங் அழுத்தத்தை எடுத்த பிறகே மற்ற வேலை.

கேள்வி: .45 கோல்ட் ரைஃபிளில் லேசான லோடு (பவர் குறைத்த தோட்டா) சுட்டால் கூடு ஒரு பக்கம் கருத்து வருகிறது, முகத்தில் புகை அடிக்கிறது. அதே கிளப்பில் .44-40 தோட்டா ரைஃபிள் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லையே அண்ணா?

பதில்: வெடிக்கும்போது கூட்டின் வாய் விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்ட வேண்டும். .44-40 கூட்டின் கழுத்துச் சுவர் மிக மெல்லியது, சுமார் 0.007 அங்குலம். குறைந்த அழுத்தத்திலும் சட்டென்று ஒட்டிவிடும். .45 கோல்ட் நேர்க் கூடு, சுவர் தடிமன். லோடு லேசாக இருந்தால் விரியாது, வாயு பின்னால் கசிகிறது. 19-ஆம் நூற்றாண்டில் எந்த லீவர் ரைஃபிளும் .45 கோல்ட்டில் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது ரிவால்வர் தோட்டா.

160 கிரெய்ன் போன்ற லேசான குண்டை விட்டுவிட்டு 250-க்குப் போங்கள், அழுத்தம் தானாக ஏறும். கூட்டின் வாயைச் சூடாக்கி மென்மையாக்குவதும் உதவும். ஆனால் மருந்தைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள். பெரிய கூட்டில் சிட்டிகை மருந்து எங்கோ ஒரு மூலையில் கிடந்து அரைகுறையாக எரிந்தால் குண்டு துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். சத்தம் ‘புஸ்’ என்று கேட்டால் அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். அடுத்த குண்டு முன்னதில் மோதினால் குழல் உப்பும் அல்லது பிளக்கும்.

.44-40-க்கும் வில்லங்கம் உண்டு. அந்த மெல்லிய கழுத்து, குண்டு நேராக இறங்காவிட்டால் காகிதமாய்க் கசங்கும். குண்டைக் கூட்டில் அமர்த்தும் டையை (அச்சு) மெதுவாக இறக்கப் பொறுமை இருந்தால் மட்டும் அதை எடுங்கள்.

கேள்வி: .38-40 தோட்டா என்றால் .38 குண்டுதானே?

பதில்: இல்லை. குண்டின் விட்டம் சுமார் .40 அங்குலம். 40 என்பது பழைய கருமருந்தின் கிரெய்ன் கணக்கு. .38 ஸ்பெஷலோடு ஒரு உறவும் கிடையாது.

கேள்வி: மாமனார் வீட்டில் அசல் 1873 ஒன்று, .44-40. சுடலாமா?

பதில்: முதலில் ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) அதன் இணைப்புகளின் தேய்மானத்தையும் சேம்பரையும் பார்க்கட்டும். தேறினால் கருமருந்து மட்டும். அந்தக் கால இரும்பு அதற்காகச் செய்தது. குழல் அளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். மென்மையான ஈயத் துண்டை உள்ளே தட்டி அளந்துவிட்டு, அதற்கேற்ற குண்டை வாங்குங்கள்.

கேள்வி: கூர்முனைக் குண்டு போட்டால் என்ன?

பதில்: குழாயில் ஒன்றின் மூக்கு மற்றதன் பிரைமரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. உதைப்பில் அது குத்தினால் மேகசினுக்குள்ளேயே வெடிக்கும். தட்டை முனைதான், வேறு பேச்சே இல்லை.

கேள்வி: என்னிடம் மார்லின் கம்பெனியின் 1894 லீவர் ரைஃபிள், பல வருஷம் நன்றாக ஓடியது. இப்போது அடிக்கடி இரண்டு தோட்டா ஒன்றாக வந்து பூட்டிக்கொள்கிறது.

பதில்: கேரியரைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். லீவரின் கூரான ஓரம் உராய்ந்து உராய்ந்து அங்கே ஒரு வெட்டு விழுந்திருக்கும். அதனால் கேரியரின் நேரம் தப்பி, இரண்டாவது தோட்டா அதன் அடியில் நுழைகிறது. லீவர் ஓரத்தை நுண்ணிய அரத்தால் லேசாக உருட்டிவிட்டு, கேரியரை மாற்றுங்கள் அல்லது வெட்டை நிரப்பச் சொல்லுங்கள். லீவரைத் தொடாமல் கேரியரை மட்டும் மாற்றினால் புதிய கேரியரிலும் அதே வெட்டு விழும்.

கேள்வி: வருஷம் முழுக்க .38 சுட்ட ரைஃபிளில் .357 போட்டால் இறுக்கமாக நுழைகிறது.

பதில்: .357 கூடு .38-ஐவிட சுமார் 3.4 மில்லிமீட்டர் நீளம். அந்த இடைவெளியில் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்திருக்கிறது. அப்படியே அழுத்திச் சுட்டால் கூட்டின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். வெண்கலப் பிரஷில் சால்வென்ட் தோய்த்துப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, சேம்பரில் சுழற்றித் தேயுங்கள். .357 காலிக் கூடு ஒன்று விரல் அழுத்தத்திலேயே உள்ளே போனால் சுத்தம்.