கம்பவுண்ட் வில்லில் (இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்) அம்பு வாலாட்டிக்கொண்டே போகிறது. அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்?

இப்போதைக்கு ரெஸ்ட்டைத் தொடாதீர்கள். நான் தொட்டதால் மூன்று வாரம் வீணானது.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு திடல், அதன் கோடியில் மண்மேடு. பயிற்சி அங்கேதான். கையில் இருந்தது செகண்ட் ஹேண்ட் வில். பழைய மரச் சட்டத்தில் 'மலேசிய நண்பன்' நாளிதழ்த் தாளை விறைப்பாக ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எய்தேன். முனை போன இடத்தில் வட்டத் துளை விழும், இறகு போன இடத்தில் மூன்று கீறல். இரண்டும் ஒன்றாக விழுந்தால் அம்பு நேராகப் போகிறது என்று அர்த்தம். எனக்குக் கீறல்கள் துளைக்கு இடப்பக்கம் ஒரு அங்குலம் தள்ளி விழுந்தன. இணையத்தில் கிடைத்த அட்டவணையைப் பார்த்து ரெஸ்ட்டை நகர்த்தினேன். இன்றைக்குச் சரியாக இருக்கும், நாளைக்கு வலப்பக்கம் கிழியும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியே காலத்தை ஓட்டியவர். ஒரு சாயங்காலம் திடல் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கோழிக் கழுத்தைத் திருகுற மாதிரி பிடிச்சிருக்க?" என்றார்.

அதுதான் கோளாறு. பிடியை இறுக்கினால் அம்பு கிளம்பும் நொடியில் வில் சற்றே திரும்பும். ஒவ்வொரு முறையும் வேறு அளவுக்குத் திரும்புவதால் எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இப்போது கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையில் மட்டும் வில்லைத் தாங்குகிறேன். விரல் முட்டிகள் 45 டிகிரி சாய்வில் இருக்கும், விரல்கள் தொளதொளவென்று தொங்கும். வில் விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தால் மணிக்கட்டு வார் மாட்டிக்கொள்ளுங்கள். பத்து அம்பு இப்படி எய்து பாருங்கள். கிழிசல் அம்புக்கு அம்பு மாறினால் தப்பு உங்களிடம். பத்தும் ஒரே மாதிரி கிழிந்தால் அப்புறம் வில்லைப் பார்க்கலாம்.

வில்லில் முதலில் இறகு உரசுகிறதா என்று பாருங்கள். நான் அக்காவின் லிப்ஸ்டிக்கை இறகு ஓரங்களில் தடவி எய்தேன். ரெஸ்ட்டில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது! அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் 'நாக்'கைக் கொஞ்சம் சுழற்றி மாட்டியதும் கோடு போய்விட்டது. (லிப்ஸ்டிக்குக்குக் கணக்குக் கேட்டது வேறு கதை.)

அடுத்தது கேம், அதாவது வில் முனையில் உள்ள சக்கரம். இரட்டை கேம் வில் என்றால் முழுதாக இழுக்கும்போது மேலேயும் கீழேயும் உள்ள தடுப்புகள் ஒரே நேரத்தில் முட்ட வேண்டும். நீங்கள் இழுங்கள், பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கட்டும். ஒன்று முந்தினால் கேபிளில் முறுக்கு ஏற்றவோ இறக்கவோ வேண்டும். அதற்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் பவ் பிரஸ் என்ற கருவி வேண்டும், வீட்டில் முயலாதீர்கள், கடைக்குக் கொண்டு போங்கள்.

அம்பின் ஸ்பைனையும், அதாவது விறைப்பையும், பாருங்கள். 500 என்று போட்டிருந்தால், 28 அங்குல இடைவெளியில் தாங்கி நடுவில் 880 கிராம் தொங்கவிடும்போது அரை அங்குலம் வளைகிறது என்று பொருள். எண் கூடக் கூட அம்பு இளகும். முனை கனத்தாலும், தண்டு நீண்டாலும், இழுவிசை கூடினாலும் அதே இளக்கம்தான். உங்கள் இழுவிசைக்கு ஒத்துவராத அம்பை ரெஸ்ட் காப்பாற்றாது.

இவ்வளவும் சரி என்றால் ரெஸ்ட்டுக்கு வரலாம். ஆரம்ப நிலையாக, அம்பு ரெஸ்ட் பொருத்தும் துளையின் நடுவே நாணுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். ரைசரிலிருந்து (வில்லின் நடுச் சட்டம்) அம்பின் நடு வரை பல வில்களுக்கு 13/16 அங்குலம், கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர். கீறல் துளைக்கு மேலே விழுந்தால் ரெஸ்ட்டை உயர்த்துங்கள், கீழே விழுந்தால் இறக்குங்கள். இட வலக் கிழிசலுக்கு மட்டும் நான் அட்டவணையை நம்புவதில்லை. ஒரு மயிரிழை நகர்த்தி, மூன்று அம்பு எய்து, கிழிசல் சுருங்குகிறதா என்று பார்ப்பேன். சுருங்கினால் அதே பக்கம் தொடர்வேன். ஒரே நேரத்தில் இரண்டு திருகைத் தொடவே கூடாது.

காகிதம் சரியானதும் இலக்கில் செங்குத்தாக ஒரு டேப் ஒட்டி, 20 மீட்டருக்கான பின்னை (குறி பார்க்கும் ஊசியை) வைத்தே 20, 30, 40 மீட்டரில் நின்று மேலே ஒரே புள்ளியைக் குறி பார்த்து எய்யுங்கள். அம்புகள் டேப்போடு நேராகக் கீழிறங்க வேண்டும். போகப்போக இடப்பக்கம் சாய்ந்தால் ரெஸ்ட் கொஞ்சம் வலப்பக்கம் போக வேண்டும். எனக்கு இதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, நடுவில் மழை வேறு. சரியான இடம் கிடைத்ததும் ரெஸ்ட்டின் ஓரத்தில் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டுவையுங்கள். பையில் குலுங்கித் திருகு தளர்ந்தால் கோட்டைப் பார்த்தே தெரிந்துவிடும்.