தண்டனை வாங்கியவரைக் கைதூக்கிவிட முடியுமா?

கேள்வி: மத்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் உதவிப் பொது மேலாளராக இருக்கிறேன். முன்பு என்னிடம் வேலை பார்த்த கெட்டிக்கார இளைஞர் ஒருவர், வீட்டு வாடகைப் படியை விதிக்கு மாறாக வாங்கி விசாரணையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டார். ஆனாலும் "இனி அவன் எழுந்திருக்க மாட்டான்" என்கிறார்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஐசனோவரையே இப்படியொரு சிக்கலிலிருந்து ஒரு ஜெனரல் மீட்டாராமே, உண்மையா? என்னால் அப்படி ஏதாவது செய்ய முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: உண்மைதான். சிக்கல்கூட ஏறக்குறைய இதேதான். 1920இல் மேரிலாந்தின் கேம்ப் மீடு முகாமில் இருந்த ஐசனோவர், மகன் அயோவாவில் உறவினர் வீட்டில் இருந்த சில மாதங்களுக்குக் குடியிருப்புப் படி வாங்கினார். தொகை 250 டாலர் 67 சென்ட். விதிப்படி அது அவருக்குச் சேராது. 1921 ஜனவரியில் அந்தக் குழந்தை காய்ச்சலில் இறந்தது. அந்த ஆண்டே விசாரணையும் வந்தது. பணத்தைக் கட்டிய பிறகும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஹெல்மிக் விடுவதாக இல்லை. ராணுவ நீதிமன்றம் வரை போகும் நிலை.

ஐசனோவரைத் தன்னிடம் அனுப்பும்படி கேட்டவர் ஜெனரல் ஃபாக்ஸ் கானர். முதல் உலகப் போரில் ஐரோப்பாவில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய பெர்ஷிங்கின் படை நடவடிக்கைகளைத் திட்டமிட்டவர். பெர்ஷிங் 1921 ஜூலையில் ராணுவத் தலைமைத் தளபதியானதும் கானரின் சொல்லுக்கு எடை கூடியது. 1921 டிசம்பரில் ஐசனோவருக்கு எழுத்துமூலக் கண்டனம் வந்தது. 1922 ஜனவரியில் அவர் கானரின் படைப்பிரிவு இருந்த பனாமாவில் இருந்தார். கண்டனத்தைக் கோப்பிலிருந்து யாரும் கிழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கானர் தந்தது வேலை செய்ய ஓர் இடம்.

நீங்களும் விசாரணை அதிகாரியிடம் போய் நிற்காதீர்கள். அது இளைஞரைக் காப்பாற்றாது, உங்களையும் சேர்த்து இழுக்கும். சாட்சியாக அழைத்தால் அவருடைய வேலையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கள், போதும். குற்றப்பத்திரிகை நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வு முடிவு சீலிட்ட உறையில்தான் கிடக்கும். அதனால் வழக்கை இழுத்தடிக்கச் சொல்லும் நண்பர்களின் பேச்சை அவர் கேட்க வேண்டாம். கண்டனத்தோடு முடிந்தால், சிறு தண்டனைகளிலேயே லேசானது அதுதான். ஆணை கைக்கு வந்த பிறகு, உங்கள் பிரிவில் உண்மையான காலியிடம் இருந்தால் எழுத்தில் கேளுங்கள். பில், ரொக்கம் பக்கம் வேண்டவே வேண்டாம். இப்போதைய மேலதிகாரி விட மறுக்கலாம். ஐசனோவரின் தளபதி ராக்கன்பாக்கும் முதலில் மறுத்தவர்தான்.

இடம் மாற்றுவது பாதி வேலைகூட இல்லை. பனாமாவின் கேம்ப் கெயிலர்டில் 20ஆவது காலாட்படைப் பிரிகேடின் அன்றாடக் காரியங்கள் ஒவ்வொன்றுக்கும், போர்க்களத்தில் எழுதுவது போலவே முறையான கள ஆணை எழுத வைத்தார் கானர். எதிரியும் நம் படையும் எங்கே, நோக்கம் என்ன, எந்தப் பிரிவு எதைச் செய்ய வேண்டும், உணவும் தோட்டாவும் எப்படி வரும், தளபதி எங்கே இருப்பார் என்ற வரிசையில். முகாமின் சாதாரணச் சாமான் நடமாட்டத்துக்குக்கூட! படிப்பிலும் அவசரம் காட்டவில்லை. முதலில் சரித்திர நாவல்கள். அவை பிடித்துப்போனதும், அதே காலத்தின் உண்மை வரலாறு. பிறகு பிரஷ்யப் போர்ச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸின் போர்நூல், மூன்று முறை. காட்டுப் பாதையில் குதிரைமேல் போகும்போது கேள்விகள்: அந்தத் தளபதி ஏன் அப்படி முடிவெடுத்தார், வேறு என்ன வழி இருந்தது? இது இரண்டரை ஆண்டுக்கு மேல் நடந்தது. அறிவுரை சொல்ல எல்லா மேலதிகாரிக்கும் நேரம் கிடைக்கும். தினம் ஒரு தாளை வாங்கித் திருத்தத்தான் கிடைப்பதில்லை. நீங்கள் அதற்குத் தயாரில்லை என்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தயார் என்றால், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பக்கக் குறிப்பு கேளுங்கள்: நிலைமை, விதி, இரண்டு வழிகள், அவருடைய பரிந்துரை. அன்றே திருத்தித் திருப்பிக் கொடுங்கள். விதி எண்ணை அவரே தேடி எழுத வேண்டும். அவர் சறுக்கிய இடமே அதுதானே.

அடுத்த தடை பயிற்சிக்கான பெயர்ப் பட்டியலில் வரும். ராணுவ அதிகாரிகளுக்கு மேற்பயிற்சி தரும் லெவன்வொர்த் ஸ்டாஃப் காலேஜுக்கு ஐசனோவரை அனுப்பக் காலாட்படைத் தலைமை மறுத்தது. கானர் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. எந்த ஆணை வந்தாலும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள் என்று ஐசனோவருக்குத் தந்தி அடித்தார். வந்தது கொலராடோவில் ஆள்சேர்ப்பு வேலை. பார்த்தால் பதவி இறக்கம் போல இருக்கும். ஆனால் அதன் மூலம் அவர் ராணுவ நிர்வாகத்தைப் பார்க்கும் அட்ஜுடன்ட் ஜெனரல் துறைக்கு வந்தார், அந்தத் துறையின் ஒதுக்கீட்டில் 1925இல் லெவன்வொர்த்துக்கும் போனார். 1926இல் 245 பேரில் முதலிடம். உங்கள் நிறுவனத்திலும் மண்டல ஒதுக்கீடு, திட்டப் பிரிவின் ஒதுக்கீடு என்று தனித்தனியாக இருக்கும். உங்கள் பிரிவில் பெயர் அடிபட்டால் மற்றதைப் பாருங்கள், எல்லாம் விதிக்குள்.

உங்கள் ஓய்வுக்கு எத்தனை ஆண்டு இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. மூன்றுக்குக் குறைவென்றால், இன்னொரு நல்ல அதிகாரியின் பார்வையில் அவர் படும்படி இப்போதே ஒரு கூட்டு வேலையில் சேர்த்துவிடுங்கள். ஜார்ஜ் மார்ஷலிடம் வேலை கிடைக்கப் பார் என்று கானர் பனாமாவிலேயே சொல்லிவைத்தார். 1941 டிசம்பரில் ஐசனோவரை வாஷிங்டனுக்கு வரவழைத்தவர், அப்போது ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த அதே மார்ஷல்தான்.