முட்டியில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்றால், எந்த ஜவ்வு?

கேள்வி கேட்டவருக்கு 26 வயது. கால்பந்து ஆடும்போது பாதம் தரையில் ஊன்றியபடி இருக்க, உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது. அன்றே முட்டி வீங்கிவிட்டது. ஒருவர் ஜவ்வு கிழிந்துவிட்டது என்கிறார், ஒருவர் டெண்டன் என்கிறார், இன்னொருவர் லிகமென்ட் என்கிறார். எல்லாம் ஒன்றுதானா, ஆபரேஷன் செய்தே தீரவேண்டுமா என்பது கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. இடது முட்டியில் முதலில் ஒன்று, நான்கு மாதம் கழித்து இன்னொன்று என இரண்டைக் கிழித்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கு மேல் பிசியோதெரபிக்கு அலைந்தவன். அப்போது படித்ததும் பட்டதும்தான் இந்தப் பதில்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'ஜவ்வு' என்ற சொல்லே. லிகமென்ட் அறுந்தாலும் ஜவ்வு, மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வு, எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்தாலும் 'ஜவ்வு தேஞ்சுபோச்சு'. இவற்றில் சில தாமாகவே ஆறும், சில ஆறவே ஆறாது, சிலவற்றில் கிழிசல் எந்த ஓரத்தில் என்பதைப் பொறுத்து விதி மாறும். பாடநூல் சொற்களும் கைகொடுக்காது. 'தசைநார்' என்று ஒரு புத்தகம் டெண்டனைச் சொல்லும், அடுத்தது லிகமென்டைச் சொல்லும். அதனால் இங்கே டெண்டனைத் தசைநாண் என்றும், லிகமென்டை லிகமென்ட் என்றுமே எழுதுகிறேன்.

தசைநாண் தசையை எலும்போடு கட்டுகிறது. தசை இழுக்கும் விசையை எலும்புக்குக் கொண்டுபோவது அதன் வேலை. லிகமென்ட் எலும்பை எலும்போடு கட்டுகிறது; மூட்டு போகக்கூடாத பக்கம் போகாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. இரண்டும் பெரும்பாலும் கொலாஜன் இழைகள்தான்.

உட்கார்ந்த இடத்திலேயே தொட்டுப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றிப் பின்னால் இழுக்கிற மாதிரி அழுத்துங்கள். முட்டிக்குப் பின்னால் இரு பக்கமும் கயிறு போல விறைக்கிறதே, அவை பின்தொடைத் தசையின் நாண்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே பட்டையாகத் தட்டுப்படுவது இன்னொரு தசைநாண். இப்போது ஒரு கணுக்காலைத் தூக்கி மறுகால் முட்டியின் மேல் போட்டு உட்காருங்கள். மேலே இருக்கும் முட்டியின் வெளிப்பக்கத்தில் பென்சில் கனத்தில் ஒன்று விரலில் உருளும். அது லிகமென்ட். (சில்லுக்குக் கீழே உள்ள பட்டையின் பெயரில் உடற்கூறு புத்தகங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சில்லு ஓர் எலும்பு, கீழ்க்கால் ஓர் எலும்பு, இரண்டையும் கட்டுவதால் அது லிகமென்ட் என்பார்கள் சிலர். சில்லே முன்தொடைத் தசையின் நாணுக்குள் பொதிந்திருக்கும் எலும்பு, ஆகவே அது தசைநாண்தான் என்பார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டாவது கட்சி பிடிக்கும்.)

முட்டியில் பெரிய லிகமென்ட்கள் நான்கு. உள்பக்கம் எம்.சி.எல்., வெளிப்பக்கம் எல்.சி.எல். மூட்டின் நடுவே பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டுக் கிடப்பவை ஏ.சி.எல்., பி.சி.எல். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் உண்டு, அவைதான் மெனிஸ்கஸ். அவை லிகமென்டும் இல்லை, தசைநாணும் இல்லை.

என் கதை பூப்பந்து ஆட்டத்தில் தொடங்கியது. பின்மூலைக்கு எம்பி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினேன். முட்டி உள்பக்கமாகச் சாய, 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் ஆடியவருக்கே கேட்டது. யாரும் என்னை இடிக்கவில்லை, தள்ளவில்லை. ஏ.சி.எல். பெரும்பாலும் இப்படித்தான் அறுகிறது: ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது, நிற்கும்போது, எம்பி இறங்கும்போது. இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்துபோல் ஆகிவிட்டது.

அந்த வேகத்தைக் கவனிக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது. ஓரிரு மணி நேரத்தில் வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். அதற்கு முதல் சந்தேகம் ஏ.சி.எல். மேல்தான் விழவேண்டும். இரவு தூங்கி எழுந்தபின் மெல்ல வீங்கியிருந்தால் மெனிஸ்கஸாக இருக்க வாய்ப்பு அதிகம். நான் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். 'எலும்பு நல்லா இருக்கு, சும்மா சுளுக்குதான்' என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். லிகமென்டும் மெனிஸ்கஸும் அதில் தெரியவே தெரியாது. 'எக்ஸ்ரே நார்மல்' என்பதை 'முட்டி நார்மல்' என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் நன்றாக நடந்தேன். ஏ.சி.எல். இல்லாமலே நேர்க்கோட்டில் நடக்கலாம், பலர் மெதுவாக ஓடவும் செய்வார்கள். அது தடுப்பது கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவுவதையும் திருகுவதையும். நேராக நடக்கும்போது அதற்கு வேலை குறைவு. நான்காவது மாதம் திரும்ப ஆடப் போனேன். திரும்பிய ஒரு நொடியில் முட்டி 'கழன்று' மறுபடி உட்கார்ந்த மாதிரி இருந்தது. விழுந்தேன். எழுந்தபோது கால் நீளவில்லை. பாதி மடங்கிய நிலையில் பூட்டுப் போட்டது போல நின்றுவிட்டது.

எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் முழுக்கதை தெரிந்தது. ஏ.சி.எல். முதல் நாளே முழுதாக அறுந்திருக்கிறது. அது இல்லாத முட்டி ஆட்டத்தில் நழுவி, உள்பக்க மெனிஸ்கஸை நசுக்கிக் கிழித்திருக்கிறது. கிழிந்த பகுதி வாளியின் கைப்பிடி மாதிரி மடிந்து மூட்டுக்கு நடுவே வந்து சிக்கிக்கொண்டதால்தான் அந்தப் பூட்டு.

ஏ.சி.எல். ஏன் தோல் காயம் போல ஆறுவதில்லை என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். தோல் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்து இரண்டு விளிம்புக்கும் பாலம் போடுகிறது, அந்தப் பாலத்தின் மேல் புதுத் திசு வளர்கிறது. ஏ.சி.எல். இருப்பது மூட்டுத் திரவத்துக்குள். உறைகட்டி அங்கே நிலைப்பதில்லை, அறுந்த முனைகள் ஒன்றையொன்று எட்டுவதும் அரிது. அதே முட்டியின் உள்பக்கம் இருக்கும் எம்.சி.எல். மூட்டுக் குழிக்கு வெளியே, நல்ல ரத்த ஓட்டத்தோடு இருக்கிறது. அது மட்டும் கிழிந்தால் பெரும்பாலும் பிரேஸ், பயிற்சி, சில வாரங்கள், அவ்வளவுதான், கத்தியே தேவைப்படாது. 'லிகமென்ட் கிழிந்த என் மாமா ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிட்டார்' என்று யாராவது சொன்னால், அது எந்த லிகமென்ட் என்று கேளுங்கள். மெனிஸ்கஸிலும் இதே கணக்கு. வெளி விளிம்பில் ரத்த நாளங்கள் உண்டு, அங்கே தையல் பிடிக்கும். உள் விளிம்பில் இல்லை.

பி.சி.எல். அடிபடும் விதம் வேறு. மடக்கிய முட்டியின் முன்பக்கம் இடிபட்டால் அது போகும். கார் விபத்தில் முட்டி டேஷ்போர்டில் மோதுவது இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம்.

இனி தசைநாண். இது பெரும்பாலும் ஒரே நாளில் கிழிவதில்லை, மாதக்கணக்கில் நொந்துபோகிறது. கைப்பந்து, கூடைப்பந்து ஆடுபவர்களுக்குச் சில்லின் கீழ்முனையில் விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரு புள்ளியில் வலி வரும். ஆட்டத் தொடக்கத்தில் வலிக்கும், உடம்பு சூடானதும் மறையும், மறுநாள் காலை இரட்டிப்பாகத் திரும்பும். என்னோடு ஆடியவர் இதற்கு ஆறு மாதம் முழு ஓய்வு எடுத்தார். வலி போனது, ஆட வந்த இரண்டாவது வாரமே திரும்பி வந்தது. காரணம் எளிது: தசைநாண் தாங்கும் சுமைக்கேற்பத்தான் வலுவாகிறது, சும்மா வைத்தால் இன்னும் பலமிழக்கிறது. மெதுவாக, கனமாக, படிப்படியாகச் சுமை ஏற்றும் பயிற்சிதான் இதற்கு மருந்து. லிகமென்ட் அறுந்தவனுக்குச் சொல்லும் 'காலை அசைக்காதே' என்ற அறிவுரையை இவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு தசைநாண் காயம் மட்டும் காத்திருக்காது. சில்லுக்கு மேலேயோ கீழேயோ நாண் முழுதாக அறுந்தால், படுத்துக்கொண்டு காலை நீட்டியபடி தூக்க முடியாது. சில்லுக்குக் கீழே அறுவது பெரும்பாலும் 40 வயதுக்குக் கீழ், மேலே அறுவது 40 தாண்டியவர்களுக்கு. அந்த நாண் சுருங்கி மேலே போய்விடும் என்பதால் சீக்கிரம் தைக்கவேண்டும். இடையில் ஒரு தகவல்: சிப்ரோபிளாக்சசின், லீவோபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல், மருந்துக் குறிப்பில் கட்டம் போட்டு அச்சிடும் கடுமையான வகை எச்சரிக்கையை விடுத்தது. 60 வயது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம், அதிலும் குதிகால் நாணுக்கு.

சரி, ஆபரேஷன் தேவையா? ஏ.சி.எல். அறுந்த எல்லோருக்கும் உடனே தேவை என்பது உண்மையல்ல. ஸ்வீடனில் 121 இளம் வயதினரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு குழுவுக்குப் பயிற்சியோடு உடனே ஆபரேஷன். இன்னொரு குழுவுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடத்தில் இரு குழுவின் முட்டி நிலையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டாவது குழுவில் ஐந்து வருடம் முடியும்போது சுமார் பாதிப்பேர் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள், மீதிப்பேருக்குத் தேவைப்படவே இல்லை. ஆகவே முதல் வாரமே தேதி குறிக்க அவசரம் இல்லை. ஆனால் முட்டி அடிக்கடி நழுவினாலோ, தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிசல் கூடவே இருந்தாலோ, திருகித் திரும்பும் ஆட்டத்துக்குத் திரும்பியே ஆகவேண்டும் என்றாலோ தராசு ஆபரேஷன் பக்கம் சாயும். என் முட்டியில் மூன்றுமே இருந்தன.

வயதானவர்களின் மெனிஸ்கஸ் கிழிசல் தனிக்கதை. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 50 வயது தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுத்த 2008-ம் ஆண்டு ஆய்வில், கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியோ இறுக்கமோ இருந்ததே இல்லை. பின்லாந்தில் 2013-ல் வெளியான ஆய்வில், தேய்மானத்தால் வந்த கிழிசலை வெட்டி எடுத்தவர்களும், வெட்டாமல் பாவனை ஆபரேஷன் மட்டும் செய்யப்பட்டவர்களும் ஒரு வருடத்தில் ஒரே அளவுதான் முன்னேறியிருந்தார்கள். உங்களுக்கு 26 வயது, அடிபட்டுக் கிழிந்தது. உங்கள் அப்பாவின் ஸ்கேனையும் உங்கள் ஸ்கேனையும் ஒரே தட்டில் வைக்கவேண்டாம்.

எனக்குச் செய்த ஆபரேஷனில் பின்தொடைத் தசையின் நாண்களை எடுத்து, மடித்து, எலும்பில் துளையிட்டு ஏ.சி.எல். இருந்த இடத்தில் கட்டினார்கள். மெனிஸ்கஸைத் தைத்தார்கள். அதாவது தசைநாணாகப் பிறந்தது இப்போது லிகமென்ட் வேலை பார்க்கிறது. அந்த மாற்றத்துக்கு மாதங்கள் ஆகும். நட்ட நாண் முதலில் பலமிழக்கும், உள்ளே புது ரத்தநாளம் புகுந்து மெல்ல மெல்லத் தன்னை மாற்றிக்கொள்ளும். இதில் விஷமம் என்னவென்றால், நாண் மிகப் பலவீனமாக இருக்கும் இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் வலி அடங்கி, வீக்கம் வடிந்து, 'நான் சரியாகிவிட்டேன்' என்று தோன்றும். நான் அந்தக் கட்டத்தில் படியில் இரண்டிரண்டாகத் தாவி பிசியோதெரபிஸ்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பாதீர்கள் என்று அவர் சொன்னது மிரட்டல் அல்ல. நார்வேயில் 2016-ல் வந்த ஆய்வில், ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறு காயம் சுமார் பாதியாகக் குறைந்தது. மாதக்கணக்கு மட்டும் போதாது, முன்தொடைத் தசையின் பலம் மறுகாலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்டவேண்டும். என் தொடை வற்றிப்போயிருந்தது. அந்த 90-ஐ எட்ட எனக்குப் பதினோராவது மாதம் ஆனது. ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கும் பயிற்சியைச் சலிக்கச் சலிக்கக் கொடுத்தார்கள். மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் பழைய லிகமென்டோடு போய்விடுகின்றனவாம்.

உங்கள் முட்டி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நாலடி நடக்கவே முடியாவிட்டாலோ, பாதம் சில்லிட்டு மரத்துப்போனாலோ, கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தாலோ இந்தப் பதிலைப் படித்துக்கொண்டு இருக்காமல் உடனே கிளம்புங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், எலும்பு மூட்டு மருத்துவர் கையால் முட்டியை இழுத்துப் பார்க்கும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். முட்டியை லேசாக மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்து, கீழ்க்காலை மறுகையால் முன்னால் இழுப்பார்கள். பழகிய கைக்கு ஏ.சி.எல். இருக்கிறதா இல்லையா என்பது ஸ்கேனுக்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும். அதுவரை நேராக நடக்கலாம். காலை ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருப்ப மட்டும் வேண்டாம். எம்.ஆர்.ஐ. அறிக்கை வந்ததும் 'கிழிசல்' என்ற சொல்லுக்கு முன்னால் எந்தப் பெயர் இருக்கிறது, பகுதியா முழுதா, மெனிஸ்கஸ் என்றால் எந்த விளிம்பு என்பதைக் கீழே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.