ஜிபிஎஸ் (பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றக்கூடிய குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி) பாசிட்டிவ் வந்தபிறகு குளோர்ஹெக்சிடின், பூண்டு, புரோபயாடிக் என்று முயன்றால் பிரசவத்தின்போது ஆன்டிபயாடிக் ஊசியைத் தவிர்க்க முடியுமா?

பூண்டைப் பிறப்புறுப்புக்குள் வைத்துவிட்டீர்களா? வைத்திருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

36-வது வாரத்தில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்திருப்பார்கள். பாசிட்டிவ் என்று ஒரு காகிதத்தை நீட்டி, 'வலி வந்ததும் ஊசி போட்டுக்கொள்ளலாம்' என்ற ஒற்றை வரியோடு அனுப்பிவைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து இரவெல்லாம் தேடியிருப்பீர்கள். இப்படித்தான் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டாவது பிரசவத்துக்கு முன் எனக்கு அச்சு அசலாக இப்படித்தான் நடந்தது. நான் மருத்துவர் இல்லை. நீங்கள் கேட்ட மூன்றையும் மனதார நம்பி இறங்கியவள், அவ்வளவுதான்.

எனக்கு ஆன்டிபயாடிக் பயம் ஒன்றும் கற்பனையாக வரவில்லை. மூத்த மகனுக்கு எட்டு மாதத்தில் காது வலிக்காகக் கொடுத்த மருந்தில் இரண்டு வாரம் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அடுத்தவள் பிறக்கும் முன்பே அவள் உடம்பில் மருந்து ஏறவேண்டுமா என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே, 'இயற்கையை நம்பினால் இதுதான் தண்டனை' என்று யாராவது எனக்கு வகுப்பெடுக்க வந்தால் தயவுசெய்து வேண்டாம். ஒரு தாய் மாற்று வழி தேடுவதில் குற்றமே இல்லை. அந்த வழி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதில்.

முதலில் பூண்டு. பூண்டில் உள்ள அல்லிசின் இந்தக் கிருமியை ஆய்வகத் தட்டில் கொல்கிறது என்பது உண்மை. ஒரு தோழி அதைத்தான் சொன்னாள். நான்கு இரவுகள் வைத்தேன். ஐந்தாம் நாள் சிறுநீர் கழிக்கக்கூட முடியாத எரிச்சல். உள்தோல் வெந்து புண்ணாகியிருந்தது. கண்ணாடித் தட்டில் தோல் கிடையாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் அந்த இடத்தில் நானாகவே புண்ணை வரவழைத்துக்கொண்டதை நினைத்தால் இன்றும் என் மீதே கோபம் வருகிறது.

அடுத்தது குளோர்ஹெக்சிடின். இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் தோலைத் துடைக்கிற கிருமிநாசினிதானே, ஊசியும் இல்லை, ரத்தத்திலும் கலக்காது. மருத்துவரிடமே நேராகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் 8,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2009-இல் வெளியானது. ஒரு பாதிப் பெண்களுக்குப் பிரசவ வலியின்போது குளோர்ஹெக்சிடினால் உள்ளே துடைத்தார்கள், மறு பாதிக்கு வெறும் தண்ணீரால் வெளியே மட்டும் துடைத்தார்கள். குழந்தைகளுக்கு வந்த ரத்தத் தொற்றில் வித்தியாசமே இல்லை. கிருமி உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் இரு பக்கமும் பாதிக்கு மேல் கிருமி தொற்றியிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2015-இல், தொற்றைத் தடுக்கவென்று வழக்கமாக இப்படிக் கழுவுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

ஏன் வேலை செய்யவில்லை என்று விடாமல் கேட்டேன். இந்தக் கிருமி குடியிருப்பது குடலில். அங்கிருந்துதான் பிறப்புறுப்புக்கு வந்து போகிறது. அதனால்தான் மாதிரியை ஆசனவாயிலும் சேர்த்து எடுக்கிறார்கள். நாம் வாசலைக் கழுவிக்கொண்டிருப்போம், அது வீட்டுக்குள் இருக்கும். 36-வது வாரத்திலேயே ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கி முடித்துவிட முடியாததற்கும் காரணம் இதுதான். பலருக்குப் பிரசவத்துக்குள் திரும்பி வந்துவிடும். நரம்பில் ஏற்றும் பெனிசிலின் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் ரத்தத்திலும் பனிக்குட நீரிலும் சேர்கிறது. பிறக்கும் நேரத்தில் குழந்தையின் உடம்பிலேயே மருந்து இருக்கிறது. எந்தக் கழுவலாலும் அது முடியாது. குழந்தை பிறப்பதற்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்னதாக முதல் ஊசி ஏறவேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

இனி புரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரை. மூன்றில் எனக்கு இன்னும் மரியாதை மிச்சமிருப்பது இதன் மீது மட்டும்தான். தைவானில் 110 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2016-இல் வெளியானது. லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவில் இரண்டு வகை கொடுத்ததில் 42.9 சதவீதம் பேர் பிரசவத்துக்கு வரும்போது நெகட்டிவ் ஆகியிருந்தார்கள். இந்த எண்ணைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பாசிட்டிவாகவே இருந்தார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 18 சதவீதம் பேர் நெகட்டிவ் ஆனார்கள் என்பதையும் எழுதுவதில்லை. இந்தக் கிருமி தானாகவே வந்து போகிற ஜாதி.

நானும் மூன்று வாரம் புரோபயாடிக் சாப்பிட்டேன். 38-வது வாரத்தை நெருங்கும்போது, மருத்துவரிடம் சொல்லாமல் வேறோர் ஆய்வகத்தில் மறுபடி மாதிரி கொடுத்தேன். நெகட்டிவ்! அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். மருத்துவரிடம் காட்டியபோது அவர், 'முதலில் வந்த பாசிட்டிவைத்தான் நான் கணக்கில் எடுப்பேன்' என்றார். தலையாட்டினேன். மனதுக்குள் அந்த நெகட்டிவைத்தான் நம்பினேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். 39-வது வாரம், ஒரு நாள் இரவு 11 மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. வலி இல்லை. ஜிபிஎஸ் பாசிட்டிவ் என்றால் பனிக்குடம் உடைந்ததுமே கிளம்பவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கணவர் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். 'இப்போது நான் நெகட்டிவ், காலையில் போகலாம்' என்று படுத்துக்கொண்டேன். விடியற்காலை 5 மணிக்கு வலி பிடித்த வேகத்தில் நிற்கவே முடியவில்லை. 7.20-க்கு முதல் பெனிசிலின் ஏறியது. 9.50-க்கு மகள் பிறந்துவிட்டாள். இரண்டரை மணி நேரம். தேவைப்பட்டது நான்கு.

பிறந்த ஆறாம் மணி நேரத்தில் அவள் மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டியது. லேசாக முனகினாள். தொற்று என்றால் முதல் அறிகுறியே இப்படித்தான் இருக்கும் என்று ரத்தம் எடுத்தார்கள், தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். யாருக்கு மருந்து ஏறக்கூடாது என்று இவ்வளவும் செய்தேனோ, அவளுக்கே இரண்டு நாள், அந்தச் சின்னக் கையின் நரம்பில், இரண்டு ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. மூச்சு தானாகச் சீரானது. நலமாக இருக்கிறாள். ஆனால் அந்த 48 மணி நேரமும் என் தலைக்குள் ஓடியது இரவு 11 மணிதான்.

அந்த ஆய்வகத்தையோ புரோபயாடிக்கையோ நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு நான் உண்மையிலேயே நெகட்டிவாக இருந்திருக்கலாம். அந்த ஒரு காகிதம் என்னைப் படுக்கவைத்துவிட்டது என்பதுதான் என் வருத்தம். நீங்கள் தயிர் சாப்பிடுங்கள், புரோபயாடிக்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஊசிக்குப் பதிலாக என்று மட்டும் எண்ணாதீர்கள்.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: கிருமி உள்ள தாய் ஆன்டிபயாடிக் எடுக்காவிட்டால் குழந்தைக்கு முதல் வாரத்தில் நோய் வரும் வாய்ப்பு 200-இல் ஒன்று, எடுத்தால் 4,000-இல் ஒன்று என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. 200-இல் ஒன்று குறைவுதானே என்று நானும் நினைத்தேன். அந்த ஒன்று நிமோனியாவாகவோ மூளைக்காய்ச்சலாகவோ இருக்கலாம். குழந்தையின் குடல் நுண்ணுயிர்கள் மாறுவதும் உண்மைதான், நல்ல வகைகள் சில குறைகின்றன. தாய்ப்பால் கொடுக்கக் கொடுக்க, மாதங்கள் போகப்போக அந்த வித்தியாசம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. பிரிட்டனில் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை செய்வதில்லையே என்று சிலர் கேட்பார்கள். செய்வதில்லைதான், ஆனால் பாசிட்டிவ் என்று தெரிந்துவிட்டால் அங்கேயும் ஊசியைத்தான் தருகிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும், என் ஆதங்கம் அது. என் பழைய மருத்துவக் குறிப்பில் 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று எழுதியிருந்தது. ஐந்து வயதில் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்ததாம், யாரோ ஒருவர் எழுதிவைத்துவிட்டார். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் போன இடமெல்லாம் அந்த வரியைப் பார்த்துப் பார்த்து வேறு மருந்து எழுதினார்கள், வீரியம் அதிகமான மருந்துகளாக எழுதினார்கள். அது உண்மையா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்தப் பிரசவத்தில்தான் தோல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், முக்கால் மணி நேரத்தில் ஒவ்வாமையே இல்லை என்று தெரிந்துவிட்டது. பெனிசிலின் ஒவ்வாமை என்று குறிப்பு உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் அது இல்லையாம். ஒரு வரியைச் சரிபார்க்க இருபத்தைந்து ஆண்டுகளா? கேட்டால் 'நீங்கள்தானே சொன்னீர்கள்' என்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தை என்னத்தைச் சொல்லியிருக்கும்?

உங்கள் குறிப்பிலும் அப்படி ஒரு வரி இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். உண்மையான ஒவ்வாமை இருந்தாலும் செஃபாசோலின், கிளிண்டாமைசின், வான்கோமைசின் என்று வழி இருக்கிறது. ஆனால் கிளிண்டாமைசின் உங்கள் கிருமிக்குக் கேட்குமா என்று ஆய்வகத்தில் முன்கூட்டியே பார்த்திருக்கவேண்டும், வலி வந்தபிறகு அதற்கு நேரம் இருக்காது. வலி தொடங்கும் முன்பே, பனிக்குடம் உடையாத நிலையில் திட்டமிட்ட சிசேரியன் என்றால் ஜிபிஎஸ்ஸுக்கான ஊசி பொதுவாகத் தேவைப்படாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரசவத்தின்போது போடும் ஊசி முதல் வாரத்து நோயைத்தான் தடுக்கிறது. அதற்குப் பிறகு மூன்று மாதம் வரை வரக்கூடிய வகையைத் தடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தபின் பால் குடிக்காமல் துவண்டாலோ, முனகினாலோ, மூச்சு வேகமானாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அந்தப் பாசிட்டிவ் அறிக்கையைப் பையின் வெளி உறையில் வையுங்கள், உங்கள் கணவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக 'எனக்கு ஜிபிஎஸ்' என்று சொல்லுங்கள். நள்ளிரவில் பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம், அப்போதே கிளம்பிவிடுங்கள்.